பூனைக்காலி விதையும் மூளைக்குள் ஒரு கம்பியும்

மயிலாடும்பாறையை ஒட்டி மூல வைகை ஓடுகிறது. அந்தப் பக்கம் வருசநாட்டு மலை. மேற்குத் தொடர்ச்சி மலைப் புதர்களில் படரும் கொடிகளில் ஒன்று பூனைக்காலி. காய் முழுக்கப் பொன்னும் பழுப்பும் கலந்த சுணை. பார்க்கப் பட்டுப்போல இருக்கும், கை பட்டால் அரிப்பு தாங்காது. மலையில் வாழும் பளியர்கள் இந்த இன விதைகளைப் பலமுறை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகே தின்றார்கள். நாட்டு வைத்தியர்களோ அதை நரம்புத் தளர்ச்சிக்கான மருந்துகளில் சேர்த்தார்கள்.

1937-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் அந்த விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அருமை தெரிய இன்னும் காலம் ஆனது. கைகால் நடுங்கி, உடம்பு மரக்கட்டையாக இறுகும் நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் வற்றிப்போகிறது என்பது 1960-ல்தான் புரிந்தது. எல்-டோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறும். மறு ஆண்டே வியன்னாவில் அதை ஊசியாகப் போட்டார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

ஆனால் ஆண்டுகள் போகப் போக ஓர் எல்-டோபா மாத்திரை தாங்கும் நேரம் குறைகிறது. அடுத்த வழி மின்சாரம்.

இந்த இடத்தில் டி.எஸ். கனகாவின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். 1962 சீனப் போரின்போது ராணுவத்தில் பணியாற்றியவர். பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கிய நரம்பியல் அறுவைப் பிரிவில் வளர்ந்தவர். அன்று ஸ்கேன் கிடையாது. நோயாளியின் தலையில் உலோகச் சட்டத்தைத் திருகுவார்கள். மூளையின் அறைகளுக்குள் காற்றோ சாயமோ ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த நிழற்படத்தில் கோடு கிழித்து, மில்லிமீட்டர் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்கு ஊசியை இறக்குவார்கள். 1975-ல் கனகா மூளையின் ஆழத்தில் மின்முனையை வைத்து, அதை அங்கேயே நிலைத்திருக்கச் செய்தார். இந்தியாவில் அதுவே முதல்முறை. நடுக்கத்தை நிறுத்தும் நவீன மின்தூண்டலுக்குத் தொடக்கமாக எல்லோரும் சொல்லும் கிரனோபிள் அறுவை, அதற்குப் பிறகு 1987-ல்தான் பிரான்ஸில் நடந்தது.

இன்று அந்தக் கம்பி மின்சாரம் பாய்ச்சுவதோடு நிற்பதில்லை, கேட்கவும் செய்கிறது. மாத்திரையின் வேகம் அடங்கும்போது மூளையின் உள்ளே நொடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கும் அலை ஓங்கும். அதைக் கண்டு மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒவ்வொருவர் மூளையின் போக்கையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கற்று, அதற்கேற்பத் தூண்டும் ஆய்வுகளும் நடக்கின்றன. இப்படிப்பட்ட கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரியோடு சேர்த்துப் பொருத்த, பல லட்சம் ரூபாய் ஆகும். கனகா 2018-ல் மறைந்தார். கம்பி கேட்டுத் தூண்டும் கருவிக்கு அனுமதி கிடைத்ததை அவர் பார்க்கவில்லை.

மயிலாடும்பாறையில் கை நடுங்கும் ஒரு பெரியவர் கடமலைக்குண்டு, கண்டமனூர் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குத்தான் பஸ் ஏறுவார். மருத்துவர் தாளில் ஒரு சுருள் வரையச் சொல்வார். நடுக்குவாதம் என்று உறுதியானால் அநேகமாக லெவோடோபா, அதாவது எல்-டோபா, எழுதுவார். மலைக்கொடியின் விதையில் தாமோதரனும் ராமசாமியும் கண்ட அதே பொருள்தான் அது.