தகடு அடித்த கைகள்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே முத்தையாபுரத்தை நோக்கிச் செல்வோர், பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். சித்திரை வெயிலில் அவ்வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். மாணவ நண்பர்களே, வரப்பும் வாய்க்காலும் உப்பு அம்பாரமும் இல்லாமல், அந்த வெண்மை ஒன்றே தொடுவானம் வரையில் கல்தரைபோல் இறுகிக் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில் அத்தகைய வெளி ஒன்று உண்டு. பான்னவில் உப்புவெளி என்பது அதன் பெயர். பண்டைக் காலத்தில் பெரியதோர் ஏரியாக இருந்து வற்றிய நிலம் அது. குளிர்காலத்தில் அதன்மீது சிறிதளவு நீர் தேங்கும். கோடையில் அந்நீர் வற்றும்போது உப்பு மீண்டும் படிந்து தரை சமமாகிவிடும். நாம் உப்பை விளைவித்து விற்கிறோம். அவர்கள் அதன்மீது வண்டி ஓட்டுகிறார்கள்.

தரைமீது மிக விரைந்து செல்லும் ஊர்தி எது என்னும் போட்டி அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவ்வூர்திகளில் பலவற்றின் மேலுறை, அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து வளைத்துச் செய்யப்பட்டது. இதற்கும் தமிழ்நாட்டு மாணவருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உலோகமும் அந்தக் கைவேலையும் நம் சென்னை நகரில் கூடிய ஆண்டு 1898. அதே உலோகம் முதன்முதலாக ஒரு விரைவூர்திக்குச் சட்டையாகி உலகை வியக்கச் செய்த ஆண்டு 1899. ஓராண்டு இடைவெளியில், ஓரிடத்தில் அது பந்தய வண்டியாயிற்று. மற்றோரிடத்தில் சோற்றுப் பானையாயிற்று. ஏன் அவ்வாறாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அலுமினியம் மண்ணில் மிகுதியாக உள்ள உலோகமே. ஆயினும் அதைப் பிரித்தெடுப்பது அரிதாக இருந்தமையால் ஒரு காலத்தில் வெள்ளிக்கு நிகராக மதிக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பவரும், பிரான்சில் ஹெரூல் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலேயே, மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். அப்போது கல்லூரியை விட்டு வெளிவந்த வயதினர். அதன்பின் விலை மளமளவென்று இறங்கியது. இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள இவ்வுலோகத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று உலகமே தேடத் தொடங்கியது.

பெல்ஜியம் நாட்டுக் காமில் ஜெனாட்ஸி என்பவர் அதற்கு ஒரு விடை கண்டார். மின்கலத்தால் ஓடும் ஊர்தி ஒன்றைச் செய்து, சுருட்டைப்போல் இருமுனையும் கூம்பிய உறையை அதற்கு அமைத்தார். அவ்வுறை அலுமினியத்துடன் பிற உலோகங்களைக் கலந்து செய்த பார்ட்டினியம் என்னும் தகட்டால் ஆனது. 1899இல் பாரிசுக்கு அருகே அது மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடியது. சாலையூர்தி ஒன்று 100 கிலோமீட்டர் விரைவைக் கடந்தது அதுவே முதன்முறை. வேடிக்கை என்னவென்றால், வண்டியின் உடலை இவ்வளவு கூராகச் செய்துவிட்டு, ஓட்டுநரை அதன்மேல் மார்பளவு வெளியே தெரிய உட்கார வைத்தார்கள்! காற்றின் தடையை அவர்கள் பாதிதான் உணர்ந்திருந்தனர். விரைவு இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான ஆற்றலோ எட்டு மடங்காகும். எனவே ஒரு நிலைக்குமேல், எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட உறையின் வடிவைத் திருத்துவதே பயன் தரும். கடலில் ஓடும் மீனின் உடலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். அக்காலத்தில் கும்பகோணம், மதுரை முதலிய ஊர்களில் பித்தளையும் செம்பும் அடித்துப் பாத்திரம் செய்யும் கன்னார் பலர் வாழ்ந்தனர். வெளிநாட்டுச் சரக்குகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதால் கைத்தொழிலாளர் பலர் நலிந்திருந்த காலம் அது. பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், 1850இல் நிறுவப்பெற்ற சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 1898இல் அவர் அப்பள்ளியில் அலுமினியப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அவருடைய கணக்கு எளியது. பித்தளைப் பாத்திரத்துக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும்; பூசாவிட்டால் புளிப்பான பண்டம் களிம்பேறி நஞ்சாகும். அலுமினியத்துக்கு அத்தொல்லை இல்லை. கருவிகளோ அதே சுத்தியலும் அடைகல்லும். கையோ பல தலைமுறையாகப் பழகிய கை. உலோகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அவ்வாறே நடந்தது. பித்தளை அடித்தவர்கள் விரைவிலேயே அலுமினியம் அடிக்கக் கற்றனர். இன்றும் நம் வீட்டு முதியோர் அப்பாத்திரத்தை ‘ஈயச்சட்டி’ என்றே சொல்வதைக் கேட்கலாம். ஈயத்துக்கும் அதற்கும் உறவில்லை. புதிய உலோகம் ஒன்று பழைய பெயரைச் சூட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்ததற்கு அச்சொல்லே சான்று.

தகடு எவ்வாறு வளைகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பாடநூல்கள் இதனைச் சொல்வதில்லை. தாளை நீங்கள் குழலாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம். ஆனால் பந்தின்மேல் மடிப்பின்றி ஒட்ட முடியாது. தகடும் அப்படித்தான். அது கிண்ணமாக வேண்டுமானால் நடுப்பகுதி விரிய வேண்டும், அல்லது ஓரம் சுருங்க வேண்டும். மணல் நிரப்பிய தோல்மூட்டையின்மீது தகட்டை வைத்து மரச்சுத்தியலால் நடுவில் அடித்தால் அவ்விடம் மெலிந்து விரியும். ஓரத்தைக் கொசுவம்போல் மடித்து, அம்மடிப்பை அடித்து உள்ளுக்குள் அமுக்கினால் அவ்விடம் தடித்துச் சுருங்கும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதே முழு வித்தையும்.

அடிக்க அடிக்கத் தகடு விறைத்துக்கொள்ளும். மேலும் அடித்தால் வெடித்துவிடும். ஆகவே இடையிடையே அதைக் காய்ச்சி மென்மையாக்க வேண்டும். இங்கேதான் அலுமினியம் கம்மியரைச் சோதிக்கிறது. இரும்பும் செம்பும் காயும்போது சிவந்து எச்சரிக்கை தரும். அலுமினியமோ சிவந்து காட்டாமலேயே 660 பாகை வெப்பத்தில் பொத்தென்று உருகி விழும். இதற்கு உலகெங்கும் உள்ள தொழிலாளர் ஓர் உபாயம் கண்டனர். தகட்டின்மீது சாதாரணச் சோப்பைத் தேய்த்துச் சூடேற்றினால், சோப்பு கருகிக் கறுக்கும் வேளையில் தகடு மென்மையடைந்திருக்கும். உருகும் நிலை இன்னும் எட்டியே இருக்கும். வெப்பமானி இல்லாத பட்டறைக்கு ஒரு சோப்புக் கட்டியே வெப்பமானி. இறுதியில், உட்புறம் வழவழப்பான இரும்புக் கட்டையைத் தாங்கிக்கொண்டு, வெளியே மெல்லத் தட்டித் தட்டி மேடுபள்ளம் நீக்குவர். கண்ணுக்குத் தெரியாத மேட்டையும் உள்ளங்கை கண்டுபிடித்துவிடும்.

பந்தய ஊர்திக்கும் இதே வேலைதான். ஒன்று மட்டும் கூடுதல்: முதலில் மரத்தால் ஓர் எலும்புக்கூடு செய்துகொள்வர். தூத்துக்குடித் தோணி கட்டும் ஓடாவியின் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோணியில் விலாச் சட்டங்கள் பலகையோடு சேர்ந்து கடலுக்குப் போகும். ஊர்தியிலோ, அடித்த தகட்டுத் துண்டுகளை மரக்கூட்டின்மேல் வைத்துப் பொருத்தம் பார்த்துப் பற்றவைத்தபின் மரக்கூடு விலக்கப்படும். உலோகச் சட்டை மட்டும் எஞ்சும். ஆங்கிலேயரான ஜான் காப், பான்னவில் வெளியில் 1947இல் மணிக்கு 634 கிலோமீட்டர் சராசரி விரைவை எட்டிய ஊர்தி அத்தகைய அலுமினியச் சட்டை அணிந்தது. அதற்குக் கதவு கிடையாது. உறை முழுவதையும் தூக்கி எடுத்தே உள்ளே ஏற வேண்டும்.

செல்வர்கள் மட்டுமே இதில் ஈடுபட்டனர் என்று எண்ணற்க. பழைய காரை வாங்கி, வேண்டாதனவற்றைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தி ‘ஹாட் ராட்’ என்று பெயரிட்டு ஓட்டிய கலிபோர்னிய இளைஞர்கள் 1949 முதல் அவ்வுப்புவெளியில் ஆண்டுதோறும் கூடலாயினர். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் என்னும் ஊரில் 1899இல் பிறந்த பர்ட் மன்றோ, 1920ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தம் வாழ்நாள் முழுதும் திருத்தி வந்தார். அதற்கான உறையை அலுமினியத் தகட்டில் தம் கையாலேயே அடித்து உருவாக்கினார்; பின்னர் அவ்வடிவைக் கண்ணாடியிழையில் அமைத்துக்கொண்டார். 1967இல், தம் 68ஆம் வயதில், மணிக்கு ஏறத்தாழ 296 கிலோமீட்டர் விரைவில் ஓட்டிச் சாதனை நிகழ்த்தினார். அவ்வண்டியின் பெயர் ‘இந்தியன்’. அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்த பெயர் அது. நம் நாட்டைக் குறித்ததன்று.

உப்புவெளியில் ஓடி முடித்த வண்டியை உடனே நன்னீரால் கழுவுவர். அலுமினியத்தின்மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தை உப்பு அரித்துத் துளையிடும். உப்பும் புளியும் சேர்ந்த குழம்பை அலுமினியச் சட்டியில் இரவு முழுதும் வைக்கலாகாது என்று நம் தாய்மார் சொல்வதும் இதே வேதியியல்தான்.

சென்னை முயற்சியின் பிற்கால வரலாற்றை இனிக் காண்போம். அரசினர் பட்டறை நன்கு நடந்தது. 1903இல் அது இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. (பின்னாளில் அதே பெயரில் கல்கத்தாவில் இயங்கிய நிறுவனம் வேறு.) தொழிலைத் தொடங்கிக் காட்டி, தழைத்தபின் பிறரிடம் ஒப்படைப்பது சாட்டர்டன் கொண்ட நெறி. தோல் பதனிடுதலிலும் அவர் அதனையே பின்பற்றினார். 1908இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாட்டைத் தொடர்ந்து, சென்னை அரசு இதற்கெனத் தனித்துறை ஒன்றை வளர்க்க முற்பட்டது. ஐரோப்பிய வணிகர்கள் இதை எதிர்த்தனர். 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசு தொழிற்கல்வி அளிப்பதோடு நிற்க வேண்டும், தொழில் நடத்துவது அதன் வேலையன்று என்று ஆணையிட்டார்.

இந்த ஆணையைத் தூத்துக்குடியில் நின்று படிப்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. 1906இல் வ.உ. சிதம்பரனார் இவ்வூரில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அது அரசின் உதவியை வேண்டாத தனியார் முயற்சிதான். 1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். கம்பெனியும் பின்னர் அழிந்தது. தொழிலில் தலையிடாமை என்னும் கொள்கை, கன்னாருக்குப் பட்டறை அமைப்பதைத் தடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வந்தது. சுதேசிக் கப்பலை மூழ்கடிக்கும்போது அதை எவரும் நினைக்கவில்லை. சாட்டர்டன் ஆட்சியாளரின் இனத்தவரே. எனினும் இவ்விஷயத்தில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் துணிபு. 1916இல் அமைக்கப்பெற்ற தொழிற்கமிஷனில் அவரும் ஓர் உறுப்பினர். தொழில் வளர்ச்சியில் அரசு முனைந்து ஈடுபட வேண்டும் என்று அக்கமிஷன் 1918இல் பரிந்துரைத்தது. அதற்குள் பல ஆண்டுகள் வீணாகிவிட்டன.

ஆகவே பாரிசில் வண்டியும் சென்னையில் பானையும் தோன்றியது கையின் குறையால் அன்று. அங்கே வண்டி கட்டச் சொல்லிக் காசு கொடுக்க ஆள் இருந்தது. இங்கே தகட்டைக்கூடக் கப்பலில் வரவழைக்க வேண்டியிருந்தது. ஆல்வாய்க்கு அருகே அலுமினியம் உருக்கத் தொடங்கியது 1943இல்தான்; மேட்டூரில் 1965இல். ஊர்தி கட்டும் திறமையும் நம்மிடம் இல்லாமலில்லை. 1840இல் தோன்றிய சென்னைச் சிம்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டிப் பெயர் பெற்றது; அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல், அலுமினியப் பட்டறை கைமாறிய அதே ஆண்டில், நீராவிக் கார் ஒன்றையும் செய்து முடித்தார். பின்னாளில் சோழவரத்தில் போர்க்கால விமானத் தளம் பந்தயக் களமாயிற்று. உள்ளூர்ப் பட்டறைகளில் திருத்திக் கட்டிய கார்கள் அங்கே பல்லாண்டுகள் ஓடின.

தகடடிக்கும் கை இன்று பெரும்பாலும் பேருந்துக்கே உழைக்கிறது. கரூர்ப் பட்டறைகளில் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்திக் கூடு கட்டுவர். பக்கங்கள் தட்டையானவை, அவற்றுக்குப் பெரிய வித்தை வேண்டாம். நெற்றியும் மூலைகளுமே இருபுறமும் வளைபவை. இப்போது அவற்றையும் பல இடங்களில் கண்ணாடியிழையில் வார்த்துவிடுகின்றனர். ஆனால் நசுங்கிய வண்டிக்கு அச்சு ஏது? ஒவ்வொரு நசுங்கலும் தனி வடிவு. தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கேற்றி வரும் லாரி ஒன்று வழியில் மோதி முகம் நசுங்கினால், ஓட்டுநர் தேடிச் செல்வது புறவழிச்சாலை ஓரத்து ‘டிங்கரிங்’ பட்டறையைத்தான். அங்கே ஒருவர் உள்ளே கட்டையைத் தாங்கி, வெளியே சுத்தியலால் தட்டி, இடையிடையே உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.