நூலக அட்டையின் மறதி

1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். பிறகு படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஒவ்வொரு கிராமத்திலும் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்துத்தான் எல்லைக் கோடு போட்டார்கள். வீட்டில் பேசும் பேச்சுகூட அரசின் கணக்கில் ஏறிய காலம்.

அந்த இழுபறியிலும் இரண்டு பக்கமும் ஒரே சட்டம் இருந்தது: 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டினோம். ஆகவே நூலகம் நம்முடையது. ஆந்திராவுக்குத் தனிச் சட்டம் வந்தது 1960இல்தான்.

பொது நூலகங்களில் நான் பார்த்த பழைய இரவல் முறை எளிமையானது. புத்தகத்தின் அட்டையை நம் அட்டைக்குள் செருகி வைப்பார்கள். திருப்பிக் கொடுத்ததும் இரண்டும் பிரிந்துவிடும். தமிழ் படிச்சாரா, தெலுங்கு படிச்சாரா? அப்புறம் யாருக்குத் தெரியும்?

கணினி அப்படியல்ல, அழிக்கச் சொல்லாதவரை வைத்திருக்கும். 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் விவாகரத்துச் சட்டம் பற்றிப் படிக்க வரும் பெண்ணுக்கு அதைவிடச் சின்ன உத்தரவாதம் போதும்: புத்தகம் திரும்பியதும் அவள் பெயர் அதிலிருந்து கழன்றுவிட வேண்டும். அட்டை செய்ததைக் கணினியும் செய்யட்டும்.