ஸ்மெட்டனாவின் இசையில் துயரும் அச்சமும்

செக் இசையமைப்பாளர் பெட்ரிச் ஸ்மெட்டனா 1874 அக்டோபரில் செவிப்புலனை முற்றிலும் இழந்தார். ஆறு பகுதிகள் கொண்ட 'என் தாயகம்' என்னும் இசைத்தொடரின் பெரும்பகுதி அதன் பின்னரே உருவாயிற்று. ஆகவே துயரே அப்படைப்பின் ஊற்று எனக் கூறத் தோன்றும். கவர்ச்சியான கருத்துதான், எனினும் ஏற்கத்தக்கதன்று. வல்தாவா ஆற்றைப் பாடும் இரண்டாம் பகுதி, செவிப்புலன் போன சில வாரங்களிலேயே இயற்றப்பட்டது. அதில் அவர்தம் இழப்பின் சுவடே இல்லை.

சொந்தத் துயருக்கு அவர் தேர்ந்த வடிவம் வேறு. 1855 செப்டம்பரில் மூத்த மகள் நான்கு வயதில் இறந்தபோது, பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று கருவிகளுக்கு மட்டுமே எழுதினார். 1876இல் இயற்றிய 'என் வாழ்க்கையிலிருந்து' நான்கு நரம்புக்கருவிகளுக்கானது. நாட்டைப் பாடப் பேரிசைக்குழு, தம்மைப் பாடச் சிற்றிசைக்குழு என அவர் வகுத்துக்கொண்டதாகவே கருத இடமுண்டு.

அந்நால்வர் இசையின் இறுதிப் பகுதியில் களிநடனம் திடீரென அறுபடுகிறது. முதல் வயலின் உச்சத்தில் ஒற்றைச் சுரத்தை நீளப் பிடிக்கிறது. செவிப்புலன் இழப்பிற்கு முன்னறிகுறியாகத் தம் காதில் ஒலித்த ஓசையே அது என ஸ்மெட்டனா கடிதத்தில் விளக்கியுள்ளார். படைப்பு அத்துடன் முடிவதில்லை. முதற்பகுதியின் இளமைக்கால இசை சிறிது தலைகாட்டி, மெல்லத் தணிந்து ஓய்கிறது.