மொட்டைமாடியும் மைக்கும்

ஹாம் வானொலியில் ஆண் எந்த வயதினராக இருந்தாலும் ‘ஓ.எம்.’, அதாவது ஓல்ட் மேன். பெண்ணுக்கு எண்பது வயதானாலும் ‘ஒய்.எல்.’, யங் லேடி. ஹாமின் மனைவியோ ‘எக்ஸ்.ஒய்.எல்.’: முன்னாள் இளம்பெண்! தந்திக் காலத்துச் சுருக்கங்கள்தான்; ஆனாலும் கருவி யாருடையது என்று முடிவான பிறகு பிறந்த சொற்கள். 1939இல் அமெரிக்கப் பெண்கள் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியபோது அந்தச் சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்: யங் லேடிஸ் ரேடியோ லீக்.

நம் நாட்டில் இந்த வரலாற்றை பாரதி பிரசாத்திடமிருந்து தொடங்கலாம். அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.பி.ஐ. ஹாம்களுக்கு நெடுங்காலம் அனுமதி கிடைக்காதிருந்த அந்தமானுக்கு, விடாமல் கேட்டு அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு குழுவை அழைத்துப் போனார். பொழுதுபோக்குப் பயணம்தான். அந்த அரிய தீவோடு ஒரு தடவை பேசிவிட உலகெங்கும் ஹாம்கள் காத்திருந்தார்கள். டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன. போர்ட் பிளேரில் அவருடைய கருவி நிவாரணச் செய்திகளுக்குத் திரும்பியது. குழுவில் சிலர் கார் நிக்கோபார் போய் அங்கிருந்து பேசினார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தகவல் அப்படித்தான் பல வீடுகளுக்குப் போனது.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் பலருக்குச் செய்தி வருமுன் தண்ணீர் வந்துவிட்டது. மின்சாரம் போனது, செல்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. அப்போதும் சென்னை ஹாம்கள் கருவிகளோடு இறங்கினார்கள். கோபுரம் வேண்டாம், ஒரு கார் பேட்டரி, நீளமாக ஒரு கம்பி போதும்.

புயலைச் சொல்வதற்கும் இதுவே வழி. ராடார் மேகத்தைப் பார்க்கும்; விழுந்த ஆலங்கட்டி புளியங்கொட்டை அளவா, எலுமிச்சை அளவா என்பதைத் தரையில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்கைவார்ன் தன்னார்வலர்கள் நாணய அளவோடு ஒப்பிட்டு அதைத் தெரிவிக்கிறார்கள். இங்கே வானம் கறுப்பதை முதலில் கவனிப்பவர், காயும் வடகத்தை அள்ளப் படியேறும் பெண். அவர் கையில் மைக் இல்லை.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் செல்பேசிகளையும் மின்னணுப் பாகங்களையும் கோக்கிறார்கள். ஹாம் உரிமத் தேர்வு அவர்களுக்கு எட்டாததல்ல. பன்னிரண்டு வயதுப் பிள்ளையே எழுதலாம். ஆனால் ஆன்டெனா கட்ட மொட்டைமாடி வேண்டும். விடுதியில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது?