மரபில் வந்த ஃபீல்டுக்கு யார் காவல்?

ஒரு கிளாஸில் அறிவித்த ஃபீல்டை அதன் சேய் கிளாஸும் கையாளும்போது, அதில் சேரும் மதிப்பு சரிதானா என்று பார்ப்பது யார் பொறுப்பு? அறிவித்த கிளாஸின் பொறுப்பு என்பதே என் வாதம். புரோகிராம் எழுதுவோர் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். 1967இல் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் வடிவமைத்த சிமுலா 67இல் கிளாஸும் மரபுரிமையும் இருந்தன. ஃபீல்டை மறைக்கும் வழி அப்போது இருக்கவில்லை. 1972இல் டோனி ஹோர், ஒரு கிளாஸின் செயல்கள் அனைத்தும் காக்கவேண்டிய நிபந்தனையை வகுத்துக்கொண்டால் அது சரியாக இயங்குவதை நிரூபிக்கலாம் என்று காட்டினார். வெளியிலிருந்து யாரும் ஃபீல்டில் எழுதலாம் என்றால் அந்த நிரூபணம் நிற்காது.

ஃபீல்டை மறைத்து வெளியாரைத் தடுத்தாயிற்று, வாரிசை என்ன செய்வது? சி பிளஸ் பிளஸ் தந்த விடை, சேய்களுக்கு மட்டும் வழிவிடும் 'புரொடெக்டட்'. இன்டர்வியூஸ் நூலகத்தை உருவாக்கிய மார்க் லிண்டன் வற்புறுத்தியதால் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரூப் அதை 1.2 வெளியீட்டில் சேர்த்தார். சுமார் ஐந்து ஆண்டுகளில் அதே லிண்டன், பிழைகளுக்கு ஊற்றாகிவிட்டதென்று புரொடெக்டட் ஃபீல்டுகளைத் தம் நூலகத்தில் தடைசெய்தார். கேட்டு வாங்கியவரே கைவிட்டதைவிட வலுவான சாட்சி வேண்டுமா? இதே ஆபத்தை ஆலன் ஸ்னைடர் 1986இலேயே எழுதியிருந்தார். சேய் கிளாஸ் நம்முடையதுதானே, ஏன் ஐயம் என்று கேட்கலாம். தாய் கிளாஸை எழுதியவருக்கு நாளை யார் அதை நீட்டிப்பார் என்று தெரியாது. உதாரணமாக, வங்கிக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற சோதனை பணம் எடுக்கும் மெத்தடில் இருக்கிறது. சேய் கிளாஸ் கட்டணத்தை இருப்பிலிருந்து நேரடியாகக் கழித்தால் சோதனை ஓடவே ஓடாது. பிழை வெகுதூரம் தள்ளி, வேறொருவர் எழுதிய வரியில் தலைகாட்டும்.

சேய்க்குச் சொந்த விதி வேண்டாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பெர்ட்ராண்ட் மேயரின் ஐஃபெல் மொழி இதற்கு நல்ல விடை தந்தது: சேய் தன் நிபந்தனையைக் கூட்டலாம், தாயினுடையதைக் கழிக்க முடியாது. அங்கே சேய் கிளாஸ் மரபில் வந்த ஃபீல்டில் எழுதலாம். ஆனாலும் தாயின் நிபந்தனை அதன்மீதும் சோதிக்கப்படுகிறது. கூட்டுவதற்கும் எல்லை உண்டு. அகலத்தை மட்டும் மாற்ற விடும் செவ்வகத்திலிருந்து சதுரத்தைப் பெற்றால், பக்கங்கள் சமம் என்ற கூடுதல் விதி செவ்வகத்தை நம்பி எழுதிய புரோகிராமைக் கெடுக்கும். பார்பரா லிஸ்கோவும் ஜெனட் விங்கும் 1994இல் வகுத்த விதி இத்தகைய உறவையே ஏற்பதில்லை. குறை சோதனையில் இல்லை, பரம்பரையில் இருக்கிறது. ஜாவாவுக்கு 2009இல் வந்த பீன் வேலிடேஷன் தரநிலையும் ஐஃபெலின் வழியே போனது: தாயின் ஃபீல்டு விதிகள் சேயிலும் பொருந்தும். ஆனால் வேலிடேட்டரை அழைக்கும்போதுதான் அவை பார்க்கப்படும், மதிப்பு எழுதப்படும் கணத்தில் அல்ல. அதனால் ஃபீல்டைத் தாயில் பிரைவேட்டாக வைத்து, சோதிக்கும் மெத்தட் வழியாகவே சேயை எழுதவிடும் வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது.