சிட்ரோயன் காரின் ஷாக் அப்சார்பர்

அந்தக் கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். சீட்டுக்குக் கீழே இரண்டு ஸ்பிரிங். மற்றபடி பள்ளத்தின் அடி முழுவதும் ஓட்டுபவர் இடுப்புக்குத்தான்.

பெல்ஃபாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் தானாகவே தொழில் கற்றவர். யுத்த காலத்தில், 1944 வாக்கில், தாம் கட்டிய வண்டியின் பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையும் கரத்தில் மாட்டினார். வெறும் ஸ்பிரிங் மட்டும் போட்டால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். எண்ணெயைச் சிறு துளை வழியே பிஸ்டன் தள்ளும்போது உண்டாகும் தடைதான் அந்தக் குதிப்பை அடக்கும். அதற்காக அவர் எடுத்து நிமிர்த்தி மாட்டியது சிட்ரோயன் காரின் ஷாக் அப்சார்பர்! பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'அமோர்த்திசேர்'. சொல்லுக்குள்ளேயே சாவு இருக்கிறது; அதிர்வைச் சாகடிப்பது.

பிறகு நார்ட்டன் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. பெரிய கம்பெனி ஒன்று வெளியாள் யோசனையை ஏற்றதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர் அமைத்த புதுச் சட்டத்தில் ஓட்டிப் பார்த்த ஹெரால்ட் டேனியல், இறகு மெத்தை போல் இருக்கிறது என்றாராம். 'ஃபெதர்பெட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1950-இல் மான் தீவுப் பந்தயத்தில் சீனியர், ஜூனியர் இரண்டிலும் முதல் மூன்று இடங்கள் நார்ட்டனுக்கே. சீனியரில் ஜெயித்தவர் ஜெஃப் டியூக்.