புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி

புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி, 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தல் முதல் 2004ஆம் ஆண்டுத் தேர்தல் வரை நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிய, இப்போது நடப்பில் இல்லாத தொகுதி. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பில் இது நீக்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சிராப்பள்ளி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய நான்கு மக்களவைத் தொகுதிகளில் பிரித்துச் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டின் மொத்த இடங்கள் 39 ஆகவே நீடித்தபோது ஒரு மாவட்டம் தன் தொகுதியை இழந்த நிகழ்வு என்பதால், 2025 முதல் சூடுபிடித்துள்ள தொகுதி மறுசீரமைப்பு விவாதத்தில் புதுக்கோட்டையின் கதைக்குத் தனி இடம் உண்டு.

பின்னணி

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை, சென்னை மாகாணத்தின் நடுவே இருந்த சுதேச சமஸ்தானம். பிரதிநிதித்துவ அரசியல் இங்கு விடுதலைக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. 1902இல் பிரதிநிதிகள் சபையும் 1924இல் சட்டசபையும் அமைந்தன. திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தியும் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் சமஸ்தானத்துக்கு வெளியே, சென்னையின் சட்டமன்ற அரசியலில் பெயர் பெற்றனர். கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில், 1948 மார்ச் மாதம் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது.

தனி ஆட்சி போனாலும் நாடாளுமன்றத்தில் தனித் தொகுதியாக ஊரின் பெயர் நிலைத்தது. மாவட்டமோ பின்னால் வந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. ஆகவே தொகுதி மாவட்டத்தைவிட ஏறத்தாழ 22 ஆண்டு மூத்தது.

எல்லை

தொகுதியின் எல்லையும் மாவட்டத்தின் எல்லையும் முழுமையாகப் பொருந்தியிருக்கவில்லை. 1977 முதல் 2004 வரை நடந்த தேர்தல்களில் குளத்தூர் (தனி), புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கின. இவற்றில் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் அப்போதே சிவகங்கை மக்களவைத் தொகுதியில் இருந்தது. இருந்தாலும் மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு ஒரே உறுப்பினரின் கீழ் வந்தன. தொகுதியின் பெரும்பான்மை வாக்காளர்களும் அந்த நான்கிலேயே இருந்தனர்.

தேர்தல்களும் உறுப்பினர்களும்

முதல் தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் கே. எம். வல்லத்தரசு வென்றார். காங்கிரஸ் நாடெங்கும் கோலோச்சிய நேரத்தில் எதிரணிக்காரர் ஒருவரைப் புதுக்கோட்டை டெல்லிக்கு அனுப்பியது. 1957இல் தொகுதி காங்கிரஸின் ஆர். இராமநாதன் செட்டியார் கைக்குப் போனது. 1962இல் தொழிற்சங்கத் தலைவரான ஆர். உமாநாத் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்றார். கட்சி 1964இல் பிளவுபட்ட பிறகு, 1967இல் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளராக மீண்டும் வெற்றி பெற்றார்.

1971இல் தி.மு.க.வின் கே. வீரையா, 1977இல் அ.தி.மு.க.வின் வி. எஸ். இளஞ்செழியன், 1980இல் இந்திரா காங்கிரஸின் வி. என். சுவாமிநாதன் ஆகியோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸின் என். சுந்தரராஜ் தொடர்ந்து வென்றார். இத்தொகுதியில் மும்முறை வென்றவர் அவர் ஒருவரே. 1996இல் தி.மு.க.வின் திருச்சி சிவாவும், 1998இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவமும், 1999இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் சு. திருநாவுக்கரசரும் வெற்றி பெற்றனர்.

2004இல் வென்ற தி.மு.க.வின் எஸ். ரகுபதி ஒன்றிய அரசில் உள்துறை, பின்னர் சுற்றுச்சூழல் துறை இணை அமைச்சராகப் பணியாற்றினார். தொகுதியின் கடைசி உறுப்பினர் அவரே.

இந்தப் பட்டியலில் ஒரு போக்கு தெரிகிறது. 1952இலும் 1962இலும் காற்றுக்கு எதிராக வாக்களித்த தொகுதி, 1967க்குப் பின் ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டில் அதிக இடங்களை அள்ளிய அணியின் பக்கமே நின்றது. எந்தக் கட்சிக்கும் இது நிலையான கோட்டையாக இருக்கவில்லை. கூட்டணிக் கணக்கில் திராவிடக் கட்சிகளும் காங்கிரஸும் மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்ட இடமாக இருந்தது.

2008 மறுசீரமைப்பு

மாநிலங்களுக்கு இடையிலான மக்களவை இடப் பங்கீடு 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். 84ஆவது திருத்தம் இந்த நிறுத்தத்தை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஆனால் மாநிலத்துக்குள் தொகுதி எல்லைகளை மாற்றி வரைய அனுமதி இருந்தது. 2003ஆம் ஆண்டின் 87ஆவது திருத்தம் அதற்கு 2001 கணக்கை அடிப்படையாக்கியது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் இந்த வேலையைச் செய்தது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருந்தனர். கருத்துச் சொல்ல அவர்களுக்கு இடமுண்டு, வாக்குரிமை இல்லை. ஆணையத்தின் புதிய வரையறை 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டையுடன் பழனி, பெரியகுளம், கோபிசெட்டிபாளையம், சிவகாசி, திருச்செந்தூர், இராசிபுரம், வந்தவாசி, திண்டிவனம் முதலிய பெயர்களும் மக்களவைப் பட்டியலிலிருந்து மறைந்தன. திருப்பூர், ஈரோடு, நாமக்கல், தேனி, விருதுநகர், தூத்துக்குடி, திருவண்ணாமலை, விழுப்புரம் போன்றவை வந்தன. பெயர் மறைந்த ஊர்கள் பலவற்றுக்கு அதே மாவட்டத்திலோ அருகிலோ வாரிசுத் தொகுதி கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத் தலைநகருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இழப்பில் ஒரு முரண் உண்டு. இதே மறுசீரமைப்பில் குளத்தூர் நீங்கி, கந்தர்வகோட்டை (தனி), விராலிமலை என்ற இரண்டு புதிய சட்டமன்றத் தொகுதிகள் தோன்றின. மாவட்டத்தின் சட்டமன்ற இடங்கள் ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தன. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சரியாக ஆறு. மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதியாவதற்குத் தேவையான எண்ணிக்கை புதுக்கோட்டைக்கு முதன்முறையாக அமைந்த நேரத்தில்தான் அதன் தொகுதி பறிபோனது. 2001 கணக்கில் மாவட்ட மக்கள்தொகை 14,59,601. மாநிலத்தின் ஒரு மக்களவைத் தொகுதிக்கான சராசரி ஏறத்தாழ 16 லட்சம். வித்தியாசம் 9 சதவீதத்துக்கும் குறைவு.

நடந்தது என்ன என்பதை அக்கம்பக்கத்து வரைபடம் காட்டும். சிவகங்கை மாவட்டத்துக்கு நான்கு சட்டமன்றத் தொகுதிகளே உண்டு. ஆறாக்க இரண்டு தேவைப்பட்டது. திருமயமும் ஆலங்குடியும் அங்கே போயின. இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் நான்குதான். அந்த மக்களவைத் தொகுதிக்கு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியுடன் அறந்தாங்கி சேர்க்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியில் திருவரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர் ஆகிய நான்குடன் கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் இணைந்தன. கரூர் மக்களவைத் தொகுதியில் கரூர், அரவக்குறிச்சி, கிருஷ்ணராயபுரம், வேடசந்தூர், மணப்பாறை வரிசையில் ஆறாவதாக விராலிமலை நின்றது. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில் சேர்க்கப்பட்டன. நான்கு தொகுதிகளின் கணக்கில் விழுந்த துண்டு, நடுவில் இருந்த மாவட்டத்தைக் கொண்டு நிரப்பப்பட்டது.

சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் முழுமையாக அடங்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்புச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றை 'இயன்ற அளவு' கருத வேண்டும் என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறது. ஆணையத்தின் உத்தரவை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த அரசமைப்பின் 329ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

நீக்கத்துக்குப் பின்

2009 தேர்தல் முதல் மாவட்டத்து வாக்காளர்கள் நான்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நால்வரின் தொகுதிகளிலும் பெரும்பான்மை வாக்குகள் மாவட்டத்துக்கு வெளியே உள்ளன. 2024இல் திருச்சியில் ம.தி.மு.க.வின் துரை வைகோ, கரூரில் காங்கிரஸின் ஜோதிமணி, சிவகங்கையில் காங்கிரஸின் கார்த்தி சிதம்பரம், இராமநாதபுரத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி வென்றனர். நால்வரும் ஒரே அணியினர். தொகுதி இருந்த காலத்து அரசியல்வாதிகளும் புதிய வரைபடத்துக்கு ஏற்ப இடம்பெயர்ந்தார்கள். 1999இல் புதுக்கோட்டையில் வென்ற திருநாவுக்கரசர், 2009இல் பா.ஜ.க. வேட்பாளராக இராமநாதபுரத்தில் தோற்று, 2019இல் காங்கிரஸ் வேட்பாளராகத் திருச்சியில் வென்றார்.

கொள்கை அளவில் இதன் விளைவு கூட்டல் கழித்தல் இரண்டும் கலந்தது. ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நான்கு உறுப்பினர்களின் நிதியிலும் மாவட்டத்துக்குப் பங்கு கேட்கலாம். ஆனால் எதுவும் முழு உரிமை அல்ல. ஒன்றியத் திட்டங்களைக் கவனிக்கும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவில் மூத்த மக்களவை உறுப்பினர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். பொறுப்பும் அப்படியே பிரிகிறது.

2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராடிய நெடுவாசல் ஆலங்குடிப் பக்கம், அதாவது சிவகங்கைத் தொகுதி. இலங்கைக் கடற்படையின் கைதுகளால் தவிக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இராமநாதபுரம் தொகுதி. புதுக்கோட்டையையும் தஞ்சாவூரையும் கந்தர்வகோட்டை வழியே இணைக்கும் ரயில் பாதைக் கோரிக்கை திருச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளுக்கு உரியது. விராலிமலை அருகே குன்னத்தூரில் 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு, கரூர் மாயனூரில் தொடங்கிப் பல தொகுதிகளைக் கடக்கிறது. மாவட்டத்தின் ஒன்றிய அரசு சார்ந்த கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே குரலில் மக்களவையில் வைக்கக்கூடியவர் எவரும் இல்லை.

எதிர்வாதமும் வலுவானதே. தொகுதி போன பிறகுதான் புதுக்கோட்டைக்கு 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2024இல் நகராட்சி மாநகராட்சியானது. 2013 முதல் 2021 வரை சுகாதார அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர் விராலிமலைக்காரர். 2021இல் அமைந்த அமைச்சரவையில் திருமயத்தின் ரகுபதி, ஆலங்குடியின் சிவ.வீ. மெய்யநாதன் என இருவர் இடம்பெற்றனர். மருத்துவக் கல்லூரிக்கும் மாநகராட்சிக்கும் மாநில அரசு இயங்கும் சென்னைக் கோட்டைதான் கதவு, டெல்லி அல்ல என்று இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் சொல்லலாம். ரயில், மீனவர், எரிபொருள் போன்ற ஒன்றியப் பட்டியல் விவகாரங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது.

மீட்புக் கோரிக்கை

தொகுதியைத் திரும்பக் கேட்டு 2009இலேயே குரல் எழுந்தது. எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று பதிவு செய்யும் 49-ஓ விதியைப் பயன்படுத்தச் சொல்லி மாவட்டத்தில் பிரசாரம் நடந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பால் வாக்கு எந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்த பின் அதுவே எதிர்ப்பின் வழியானது. ஆனால் எந்தக் கட்சி வாக்குறுதி தந்தாலும் அதை நிறைவேற்ற வழியில்லை. மாநிலத்துக்குள் எல்லைகளை மாற்றுவதும் 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அரசமைப்பின் 82ஆவது பிரிவால் நிறுத்தப்பட்டிருந்தது. கோரிக்கை தேர்தல் மேடையில் கரைந்துபோனதற்கு இதுவும் காரணம்.

மாநில அளவிலான விவாதம்

தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை இடங்களை இழந்திருக்கிறது. 1961 கணக்கின் அடிப்படையில் அதன் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 41இலிருந்து 39 ஆயின. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைச் சுட்டி, இழந்த இடங்களுக்காக மாநிலத்துக்கு 5,600 கோடி ரூபாய் இழப்பீடு ஏன் தரக்கூடாது என்று கேட்டது.

2025இல் இந்தக் கேள்வி கட்சி அரசியலின் மையத்துக்கு வந்தது. தென்மாநிலங்கள் ஒரு இடத்தைக்கூட இழக்காது என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா பிப்ரவரி 26 அன்று கோவையில் கூறினார். மார்ச் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 கணக்கின்படியான பங்கீட்டை 2026இலிருந்து மேலும் 30 ஆண்டுக்கு நீட்டிக்கக் கோரியது. அ.தி.மு.க. கலந்துகொண்டது. பா.ஜ.க., நாம் தமிழர் கட்சி, த.மா.கா. புறக்கணித்தன. மார்ச் 22 அன்று சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவில் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்கள் பங்கேற்றனர். அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூனில் வெளியானது. 2027 மார்ச் 1 அதன் குறிப்பு நாள். 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தம் பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டையும் கணக்கெடுப்புக்குப் பிந்தைய மறுசீரமைப்புடன் முடிச்சுப் போட்டது.

மதிப்பீடு

மேடைகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியது: தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம், உத்தரப் பிரதேசத்துக்கு எத்தனை இடம். புதுக்கோட்டை காட்டுவது வேறு ஆபத்தை. மாநிலத்தின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாமலேயே ஒரு மாவட்டம் தன் குரலை இழக்கலாம். 39 காப்பாற்றப்பட்டாலும் கோடு எங்கே விழுகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கும். பிரிட்டனின் தொகுதி வரையறைச் சட்டம், ஐல் ஆஃப் வைட் போன்ற தீவுகளுக்கு மக்கள்தொகைச் சமன்பாட்டிலிருந்து விலக்களித்துச் சில தொகுதிகளைப் பாதுகாத்திருக்கிறது. மாவட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை.

2002ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆணையம் தன் வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைப் பெற்றுப் பொது அமர்வுகள் நடத்த வேண்டும். வருங்கால மறுசீரமைப்புச் சட்டமும் இந்த வழியைத் தொடருமானால், ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கு ஒரு மக்களவைத் தொகுதி என்ற புதுக்கோட்டையின் கணக்கைப் பதிவு செய்யும் இடம் அந்த அமர்வுகளாகவே இருக்கும். இறுதி உத்தரவு வந்தபின் முறையிட வழி குறைவு என்பதை 2008 உணர்த்தியிருக்கிறது.